கொரியத் தட்டச்சுக் கற்றலில் நினைவு உத்திகள்: விசைப்பலகை அமைப்பும் தமிழ்க் கற்போரும்

ஆய்வுச் சுருக்கம்

கொரிய எழுத்துகளைக் கையால் எழுதக் கற்றவர்களும் கணினி விசைப்பலகையின் முன் தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றத்தைக் குறைக்க நினைவு உத்திகள் பல கையாளப்படுகின்றன. அவற்றை ஆங்கில எழுத்தை இடையில் நிறுத்தும் உத்திகள் எனவும், கொரிய விசைப்பலகையின் ஒலியியல் அமைப்பையே பற்றுக்கோடாகக் கொள்ளும் உத்திகள் எனவும் இக்கட்டுரை பிரித்துக் காண்கிறது. பின்னவற்றைத் தமிழ் இலக்கணப் பயிற்சி உடையோர் எளிதில் உருவாக்கிக்கொள்ள இயலும் என்பதும், எவ்வகை உத்தியாயினும் விரல் பழகியபின் உதிர வேண்டியதே என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஹங்குல், இருதொகுதி விசைப்பலகை, நினைவு உத்தி, செயல்முறை நினைவு, தமிழ்க் கற்போர்

முன்னுரை

தமிழ் – கொரிய ஒப்பாய்வு தமிழாய்வுலகிற்குப் புதிதன்று. கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்குமான ஒப்பிலக்கணம் ஒன்றை ஹோமர் ஹல்பர்ட் 1905-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். இன்றும் 'அப்பா', 'அம்மா' எனத் தொடங்கும் சொற்பட்டியல்கள் கருத்தரங்குகளில் வாசிக்கப்படுகின்றன. இப்பட்டியல்களுள் பல, கொரியச் சொல்லின் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பையே சான்றாகக் கொண்டவை. சிக்கல் அங்குத் தொடங்குகிறது. கொரியர் அன்னையை அழைக்கும் சொல்லின் முதலுயிர் அகரம் அன்று. இதழ் குவியாமல் ஒலிக்கும் ஓர் ஒகரம். தந்தையை அழைக்கும் சொல்லில் வரும் பகரம் தமிழின் 'ப்ப' போல ஓர் அசையின் இறுதியிலும் அடுத்த அசையின் முதலிலும் பிரிந்து நிற்பதன்று. இரண்டாம் அசையின் முதலில் ஒன்றாக நிற்கும் இறுக்கவொலி. ஆங்கில எழுத்தில் இவ்வேறுபாடுகள் மங்கிப்போகின்றன. கொரிய எழுத்தில் தட்டச்சிடுபவருக்கோ, எந்த விசையைத் தொடுவது என்று விரல் தயங்கும்போதே அவை தெரிந்துவிடுகின்றன.

கொரிய தேசிய மொழி நிறுவனம் 1999-இல் வெளியிட்ட செந்தரக் கொரியப் பேரகராதி இன்று இணையத்தில் எவரும் காணக் கிடைக்கிறது. அதில் ஒரு சொல்லைத் தேடக் கொரிய எழுத்தை உள்ளிடத் தெரிந்திருக்க வேண்டும். மேலும், டோபிக் எனப்படும் கொரிய மொழித் திறனறி தேர்வு 2023 முதல் கணினி வழியாகவும் நடத்தப்படுகிறது. அவ்வடிவில் எழுத்துத்திறன் பகுதிக்கு விசைப்பலகையிலேயே விடையெழுத வேண்டும். கருத்தும் இலக்கணமும் கைவந்த மாணவர், எழுத்து இருக்குமிடம் தேடியே நேரத்தை இழக்க நேர்கிறது. ஆகவே தட்டச்சு என்பது ஒப்பாய்வாளர்க்கும் மொழி பயில்வோர்க்கும் புறத்தே நிற்கும் சிறுதிறன் அன்று.

எழுத்தும் விசையும்

1443-இல் உருவாக்கப்பட்டு 1446-இல் அறிவிக்கப்பட்ட ஹங்குல் எழுத்துமுறை, தன்னளவிலேயே ஒரு நினைவு உத்தி எனலாம். மன்னர் செஜோங் காலத்து விளக்கநூலின்படி அடிப்படை மெய்கள் ஐந்தும் ஒலியுறுப்புகளின் வடிவத்தைக் காட்டுவன. ககர வடிவம் தொண்டையை அடைக்கும் அடிநாவையும், நகர வடிவம் அண்ணத்தைத் தொடும் நுனிநாவையும், மகரம் வாயையும், ஸகரம் பல்லையும், வட்டவடிவ எழுத்து தொண்டையையும் குறிக்கின்றன. ஒலி வலுப்பெறுந்தோறும் வடிவத்தில் ஒரு கோடு கூடும். எழுத்துகளின் பிறப்பிடத்தைத் தொல்காப்பியப் பிறப்பியலின் வழி கற்ற மாணவர்க்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றுவதில்லை.

ஆனால் விசைப்பலகையில் இந்த ஒழுங்கு அப்படியே கிடைப்பதில்லை. தென்கொரியாவில் கணினிக்கெனப் பொதுவாக வழங்குவது 'துபோல்சிக்' எனப்படும் இருதொகுதி விசைப்பலகை. 1982-இல் தரப்படுத்தப்பட்ட இவ்வமைப்பில் மெய்கள் ஒரு தொகுதி, உயிர்கள் ஒரு தொகுதி. மெய்கள் 14 விசைகளிலும் உயிர்கள் 12 விசைகளிலும் அமைய, ஆங்கில எழுத்துகளுக்குரிய 26 விசைகளும் நிரம்பிவிடுகின்றன. ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அழுத்தும்போது மேலும் 7 எழுத்துகள் கிடைக்கின்றன. ஏனைய கூட்டுயிர்களைத் தனி உயிர்களை அடுத்தடுத்து அழுத்திப் பெறலாம்: ஒகரத்தையும் அகரத்தையும் தொடர்ந்து அழுத்த 'வ' என்னும் ஒலிக்குரிய கூட்டுயிர் உருவாகும்.

இதற்கு முன்பே, கண் மருத்துவரான கோங் பியோங் உ 1949-இல் முத்தொகுதித் தட்டச்சுப்பொறியை உருவாக்கியிருந்தார். அசையின் முதல்மெய், உயிர், இறுதிமெய் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி விசைகள் கொண்ட அம்முறையை இன்றும் விரும்பிக் கையாள்வோர் உள்ளனர். எனினும் நினைவில் கொள்ள வேண்டிய விசைகள் அதில் மிகுதி. புதிதாகக் கற்கும் அயல்மொழியாளர்க்கு இருதொகுதி முறையே ஏற்றது என்பதால் இக்கட்டுரை அதனையே எடுத்துக்கொள்கிறது.

இங்குக் கையாளப்படும் குறியீடு பற்றி ஒரு சொல். கொரியத் தடையொலிகள் இயல்பொலி, இறுக்கவொலி, மூச்சொலி என மூவகைப்படும். இயல்பொலியைக் க, ச, த, ப எனவும், மூச்சொலியை வடமொழி நூல்களைத் தமிழெழுத்தில் அச்சிடுவோர் கையாளும் மேலெண் முறையில் க², ச², த², ப² எனவும், இறுக்கவொலியைக் க்க, ச்ச, த்த, ப்ப எனவும் குறிப்பது இங்குப் போதுமானது. கொரிய இயல்பொலிகள் இரு உயிர்களுக்கிடையே வரும்போது தமிழ் வல்லினம் போலவே மென்மையுற்று ஒலிக்கும். ஆதலின் இக்குறியீடு தமிழர்க்குப் பொருந்துவதே.

இடக்கை: மூன்று வரிசைகள்

மெய்கள் யாவும் இடக்கைப் பக்கம் அமைந்துள்ளன. சுண்டுவிரல் தொடங்கிச் சுட்டுவிரல் நோக்கி அவற்றின் வரிசை பின்வருமாறு:

மேல்வரிசை: ப, ச, த, க, ஸ
நடுவரிசை: ம, ந, ங, ல, ஹ
கீழ்வரிசை: க², த², ச², ப²

இவ்வரிசைகளை உற்றுநோக்கினால் பதினான்கு தனி இடங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது புலனாகும். மேல்வரிசையில் இருப்பவை அனைத்தும் இறுகி ஒலிக்கவல்ல எழுத்துகள். நடுவரிசையில் மெல்லினம் மூன்றும் இடையினத்திற்கு நிகரான லகரமும் ஹகரமும் உள்ளன. கீழ்வரிசை முழுவதும் மூச்சொலிகள். வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் பாகுபாட்டை இளமையிலேயே ஓதிப் பழகிய தமிழ் மாணவர்க்கு, ஓர் ஒலியைக் கேட்டதும் அது எந்த வரிசையில் இருக்கும் என்பதை இப்பாகுபாடே சொல்லிவிடும். ஸகரம் ஒன்றே அப்பாகுபாட்டில் அடங்காமல் வல்லினத்தோடு ஒட்டி நிற்கிறது.

இன்னொரு செய்தி இதனினும் பயனுடையது. மேல்வரிசையின் முதல் நான்கும் ப, ச, த, க. கீழ்வரிசையின் நான்கும் க², த², ச², ப². அதாவது, கீழ்வரிசை மேல்வரிசையின் கண்ணாடிப் பிம்பம். மேலே சுண்டுவிரலில் இருக்கும் பகரத்தின் மூச்சொலி கீழே சுட்டுவிரலில் இருக்கிறது. மேலே சுட்டுவிரலில் இருக்கும் ககரத்தின் மூச்சொலி கீழே சுண்டுவிரலில் இருக்கிறது. நடுவிரலும் மோதிரவிரலும் அவ்வாறே தகரத்தையும் சகரத்தையும் மாற்றிக்கொள்கின்றன. மேல்வரிசை தெரிந்தால் கீழ்வரிசை தானே வரும். இந்த நான்கும் தமிழர்க்குப் புதிய கூட்டமும் அன்று: வலி மிகும் இடங்களைப் படிக்கும்போது க, ச, த, ப என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய அதே நான்கு எழுத்துகள்தாம்.

வலி மிகுதல் என்னும் கருத்தே ஷிஃப்ட் விசைக்கும் உதவுகிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மேல்வரிசையைத் தொட்டால் ப்ப, ச்ச, த்த, க்க, ஸ்ஸ என இறுக்கவொலிகள் கிடைக்கும். கொரிய எழுத்திலும் இவை ஒரே மெய்யை இருமுறை அருகருகே எழுதிய வடிவங்களே. 'ஷிஃப்ட் அழுத்தினால் வலி மிகும்' என்று நினைவில் கொள்வது எளிது. ஆனால் இஃது எழுத்துவடிவத்திற்கான உத்தியே அன்றி ஒலிக்கானது அன்று. கொரிய இறுக்கவொலி தமிழின் இரட்டித்த மெய்யைப் போல நீண்டு இரு அசைகளில் பரவுவதில்லை. சொல்லின் முதலிலும் வரும். இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் உத்தியை மட்டும் கற்பித்தால், விரல் சரியான இடத்திற்குச் செல்லும். உச்சரிப்போ தவறாகப் படிந்துவிடும்.

எஞ்சுவன மேல்வரிசையும் நடுவரிசையும் மட்டுமே. மேல்வரிசைக்குப் 'பசித்த காகம்' என்னும் தொடர் பொருந்தும்: ப, ச, த, க என நான்கும் வரிசை மாறாமல் வருகின்றன. நடுவரிசைக்கு 'மனங்கள்' என்னும் சொல் இன்னும் இயல்பாக அமைகிறது. தமிழில் ஙகரம் ககரத்தைத் துணைக்கொண்டே வருவதால் இடையில் நிற்கும் ககரத்தைத் தள்ளிவிட்டால் ம, ன, ங, ள என்னும் நான்கும் கிடைக்கின்றன. றன்னகரம் தந்நகரத்திற்கும் ளகரம் லகரத்திற்கும் நிற்கின்றன. கொரியத்தில் இந்த 'ங' அசையின் இறுதியில் மட்டுமே ஒலிக்கும் என்பதையும், அசையின் முதலில் உயிரைத் தாங்கும் வெறும் வட்டமாக நிற்கும் என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இரண்டு வரிசைகளிலும் ஐந்தாவதாக நிற்கும் ஸ, ஹ ஆகியவை சுட்டுவிரல் வலப்புறம் நீண்டு தொட வேண்டியவை; இரண்டும் தமிழில் கிரந்த எழுத்தால் எழுதப்படுவன என்பதே அவற்றிற்குப் போதிய அடையாளம்.

இத்தகைய தொடர்கள் பொருளுடையனவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமிழ்த் தட்டச்சு நிலையங்களில் பயின்றோர் 'யளனகப' என்பதை எப்பொருளுமின்றியே விரலில் ஏற்றிக்கொண்டனர். கொரியாவிலும் நடுவரிசையின் முதல் நான்கு எழுத்துகள் பொருளற்ற நிரப்புத் தொடராகப் பரவலாகத் தட்டப்படுகின்றன.

வலக்கை: கோடு காட்டும் திசை

உயிர்களின் அமைப்பை ஒலியைவிட வடிவம் நன்றாக விளக்குகிறது. கொரிய உயிர்கள் ஒரு நெடுங்கோட்டையோ கிடைக்கோட்டையோ அடியாகக் கொண்டவை; அதிலிருந்து புறப்படும் சிறுகோடு எத்திசை நோக்குகிறது என்பதைக் கொண்டு உயிர் வேறுபடும். வலக்கையின் நடுவரிசையில் ஒ, குவியா ஒகரம், அ, இ ஆகிய நான்கும் இவ்வரிசையில் உள்ளன. குவியா ஒகரத்தின் சிறுகோடு இடப்புறம் நோக்குவது. அகரத்தின் சிறுகோடு வலப்புறம் நோக்குவது. விசைப்பலகையிலும் அவை முறையே இடப்புறமும் வலப்புறமும் அடுத்தடுத்து உள்ளன. ஒகரத்தின் சிறுகோடு மேல்நோக்கியது, உகரத்தின் சிறுகோடு கீழ்நோக்கியது. ஒகரம் நடுவரிசையிலும் உகரம் அதன்கீழ் வரிசையிலும் அமைந்துள்ளன. உகரத்திற்கு அடுத்து வலப்புறம் நிற்பது சிறுகோடே இல்லாத வெறும் கிடைக்கோடு. இதழ் குவியாது ஒலிக்கும் இவ்வுயிர், தமிழர் நாவில் குற்றியலுகரமாக நாள்தோறும் ஒலிப்பதே.

யகரம் கலந்த உயிர்களுக்குச் சிறுகோடு இரட்டிக்கும். அவற்றுள் மூன்று, தத்தம் அடிப்படை உயிருக்கு நேர்மேலே மேல்வரிசையில் இருக்கின்றன: ஒகரத்தின் மேல் 'யொ', குவியா ஒகரத்தின் மேல் அதன் யகர வடிவம், அகரத்தின் மேல் 'ய'. ஆகவே கோடு ஒன்று கூடினால் விரல் ஒரு வரிசை ஏற வேண்டும். 'யு' மட்டும் இதற்கு விலக்கு. அது உகரத்திற்கு இடப்புறம் கீழ்வரிசையிலேயே நிற்கிறது. அவ்விசை முறைப்படி இடக்கைச் சுட்டுவிரலுக்குரியது என்பதால், மெய் இடக்கை, உயிர் வலக்கை என்னும் பொதுவிதியும் இங்கே முறிகிறது. கொரியரிலும் வலக்கையை நீட்டி அதைத் தொடுவோர் பலர். விலக்கு ஒன்றே ஒன்று என்பதால் அதுவே நன்றாக நினைவில் நின்றுவிடுகிறது.

தமிழ்99 விசைப்பலகையில் பழகியோர்க்கு மட்டும் ஒரு தடை உண்டு. அதிலும் உயிரும் மெய்யும் இரு கைகளுக்குப் பிரித்து வழங்கப்பட்டுள்ளன. ஆனால் உயிர்கள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் இருக்கின்றன. கொள்கை ஒன்று, கை மாறியது. இதனை முதல் நாளிலேயே சொல்லிவிட்டால், ஒருவர் தம் பிழைக்குக் காரணம் தெரியாமல் திகைக்க வேண்டியதில்லை.

திறன்பேசியில் நிலைமை வேறு. 'சோன்ஜீஇன்' என்னும் உள்ளீட்டு முறையில் வானைக் குறிக்கும் புள்ளி, நிலத்தைக் குறிக்கும் கிடைக்கோடு, மனிதனைக் குறிக்கும் நெடுங்கோடு ஆகிய மூன்று விசைகளே எல்லா உயிர்களையும் ஆக்கும். நெடுங்கோட்டின் பின் புள்ளி வைத்தால் அகரம். புள்ளியின் பின் நெடுங்கோடு வைத்தால் குவியா ஒகரம். பதினைந்தாம் நூற்றாண்டின் எழுத்துக் கோட்பாடே இங்கு விசையாகிவிட்டதால் தனி நினைவு உத்தி எதுவும் வேண்டப்படுவதில்லை. ஆனால் திறன்பேசியில் இதை மட்டுமே பழகியவர் கணினிக்கு வரும்போது உயிர்களின் இடங்களைப் புதிதாகவே கற்க வேண்டியிருக்கும்.

ஆங்கில எழுத்தைப் பற்றும் உத்திகள்

இந்தியாவில் பொதுவாக விற்கப்படும் விசைப்பலகைகளில் கொரிய எழுத்துகள் அச்சிடப்பட்டிருப்பதில்லை. ஆதலின் ஆங்கில எழுத்தின் பெயரையும் கொரிய எழுத்தின் ஒலியையும் சேர்த்து ஒரு சொல்லாக்கிக்கொள்ளும் உத்தியைக் கற்போர் நாடுவது இயல்பே. தமிழில் இதற்கு வாய்ப்பு ஏராளம். 'ஆர்' விசையில் க: ஆர்க்காடு. 'ஈ' விசையில் த: ஈதல். 'ஏ' விசையில் ம: ஏமம். 'எல்' விசையில் இ: எலி. 'ஐ' விசையில் ய: ஐயம். 'வி' விசையில் ப²: விபத்து. அயல்மொழிச் சொற்களைக் கற்பிக்க அட்கின்சனும் ராவும் 1975-இல் ஆராய்ந்த திறவுச்சொல் முறையின் சாயல் இதில் உண்டு. ருசியச் சொல்லின் ஒலியை ஒத்த ஓர் ஆங்கிலச் சொல்லை இடையில் நிறுத்தி, அதற்கும் பொருளுக்கும் ஒரு மனப்படத்தால் இணைப்புத் தருவது அவர்களின் முறை.

சொற்பொருள் கற்றலுக்கு நன்மை செய்த அம்முறை தட்டச்சுக்கு அதே அளவில் உதவாது. ஒரு சொல்லின் பொருளை நினைவுகூர இரண்டு நொடி ஆனாலும் வாசிப்பில் பெரும் இழப்பில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு நொடி ஆனால் தட்டச்சே நின்றுவிடும். கொரிய ஒலியிலிருந்து தமிழ்ச் சொல்லுக்கும், அங்கிருந்து ஆங்கில எழுத்தின் பெயருக்கும், பின்னர் அவ்வெழுத்து உள்ள இடத்திற்கும் மனம் மூன்று படிகள் கடக்கிறது. இதைவிடப் பெரிய தீங்கு, ஆங்கில எழுத்தின் ஒலியே குறுக்கே வந்து நிற்பது. 'கே' விசையைத் தொட்டால் ககரம் வருவதில்லை, அகரம் வருகிறது. 'ஹெச்' விசையில் ஒகரம் இருக்க, ஹகரமோ 'ஜி' விசையில் இருக்கிறது. இருபத்தாறு விசைகளுள் 'ஒய்' விசையில் 'யொ' இருப்பதும் 'சி' விசையில் 'ச²' இருப்பதுமே ஒலி ஒத்துப்போகும் தற்செயல்கள். ஏனையவற்றில் ஆங்கில எழுத்தை மறப்பதே கற்றலின் பாதி.

கொரியர் தாமே இவ்விரு எழுத்துமுறைகளின் மோதலை நாள்தோறும் காண்கின்றனர். மொழிமாற்று விசையை அழுத்த மறந்து 'அன்னியோங்' என்னும் வணக்கச் சொல்லைத் தட்டினால் திரையில் டி, கே, எஸ், எஸ், யூ, டி என்னும் ஆங்கில எழுத்துகள் நிற்கும். இதையே வாய்ப்பாகக் கொண்டு கொரியச் சொல்லை ஆங்கில நிலையில் தட்டிக் கடவுச்சொல்லாக வைப்பதும் அங்கு உண்டு. விரலுக்குத் தெரிந்ததை நாவால் சொல்ல முடியாத நிலைக்கு இது நல்ல சான்று.

எனினும் திறவுச்சொல் உத்தியை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. அமைப்பால் வருவிக்க முடியாத ஓரிரு விசைகளுக்கு அது கைகொடுக்கும். மீண்டும் மீண்டும் இடம் தவறும் எழுத்து எது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அந்த எழுத்துக்கு மட்டும் ஒரு சொல்லை வைத்துக்கொள்வதில் தவறில்லை. எல்லா விசைகளுக்கும் சொற்பட்டியல் தயாரித்து மாணவரிடம் கொடுப்பதுதான் வீண் சுமை.

உத்தி உதிரும் இடம்

திறன் கற்றலை அறிநிலை, இணைநிலை, தன்னியக்க நிலை என மூன்றாக ஃபிட்ஸும் போஸ்னரும் 1967-இல் வகுத்தனர். நினைவு உத்தி முதல் நிலைக்குரியது. மூன்றாம் நிலையில் அதற்கு இடமில்லை. இதனைத் தெளிவாகக் காட்டும் ஆய்வொன்றை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டி ஸ்னைடர், கோர்டன் லோகன் முதலியோர் 2014-இல் வெளியிட்டனர். நிமிடத்திற்கு 70-க்கும் மேற்பட்ட சொற்களைத் தட்டவல்லவர்களிடம் வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னபோது, அவர்களால் சராசரியாக ஏறத்தாழ 15 எழுத்துகளையே சரியான இடத்தில் வைக்க முடிந்தது. விரல்கள் அறிந்ததை உள்ளம் சொல்ல இயலவில்லை. தேர்ந்த தட்டச்சாளர்களை ஒரு கைக்குரிய எழுத்துகளை மட்டும் தட்டுமாறு கேட்டபோது வேகம் குறைந்து பிழைகள் பெருகியதை லோகனும் கிரம்பும் 2009-இல் காட்டியுள்ளனர். எந்த எழுத்து எந்தக் கைக்குரியது என்று கவனித்ததே இயல்பான ஓட்டத்தைக் கெடுத்தது.

இவ்விரு முடிவுகளும் கொரிய வகுப்பறைக்கு நேரடியாகப் பொருந்துவன. விசைப்பலகைப் படத்தை நிரப்பச் சொல்லும் தேர்வு, மாணவரின் தட்டச்சுத் திறனை அளப்பதில்லை. அவர் இன்னும் முதல் நிலையில் நிற்கிறாரா என்பதை வேண்டுமானால் அளக்கலாம். உத்தியைக் கற்பித்த அன்றே சொற்களைத் தட்டவும் தொடங்க வேண்டும். அதற்கு நடுவரிசை ஒன்றே போதும். 'நாரா' (நாடு), 'மொரி' (தலை), 'ஹானா' (ஒன்று), 'ஒரி' (வாத்து), 'ஒமொனி' (தாய்) ஆகிய சொற்களைத் தட்ட, விரல் நடுவரிசையை விட்டு விலகத் தேவையில்லை. லகரத்தின் மீதும் குவியா ஒகரத்தின் மீதும் உள்ள சிறு மேடுகளைச் சுட்டுவிரல்கள் தடவி உணர்ந்தால் பார்வை திரையிலேயே நிற்கும். 'மனங்கள்' என்று வாய் முணுமுணுப்பது இரண்டாம் நாளில் குறைந்து, ஒருநாள் நின்றுபோகும். அது மறதி அன்று.

பின்னர் விரலுக்கு ஒரே அடியாகப் பழக்க வேண்டியவை அடிக்கடி வரும் வினைமுடிபுகள். 'சும்னிதா' என ஒலிக்கும் மரியாதை ஈறு கொரிய உரைநடையில் எங்கும் வருவது. அதை ஒலித்தவாறே தட்டினால் பிழை. காதில் மகரமாக விழுவது எழுத்தில் பகரம்; பின்வரும் நகரத்தின் சார்பால் அது மெல்லினமாகத் திரிந்து ஒலிக்கிறது. புணர்ச்சித் திரிபு அறிந்த தமிழர்க்கு இதன் காரணம் உடனே விளங்கும். ஆயினும் விளங்குவது வேறு, விரல் மேல்வரிசைச் சுண்டுவிரலுக்குச் செல்வது வேறு. எழுத்துகளாகப் பிரிக்காமல் ஈறு முழுவதையும் ஓர் அலகாகத் தட்டிப் பழகுவதே வழி.

கொள்ளிவாய்ப் பிசாசு

இருதொகுதி முறையில் அசையின் முதல்மெய்க்கும் இறுதிமெய்க்கும் ஒரே விசை. ஆகவே க, அ, ந என மூன்றையும் தட்டியவுடன் திரையில் 'கன்' என்னும் ஒரே அசை கட்டமாக நிற்கும். அடுத்து அகரத்தைத் தட்டியதும் அந்த நகரம் முதல் அசையை விட்டுத் தாவி 'கந' எனப் பிரியும். இவ்வாறு எழுத்து ஓரிடத்தில் தோன்றி மறைந்து வேறிடத்தில் தோன்றுவதைக் கொரியர் 'தொக்கெபிபுல்' என்கின்றனர்; தமிழில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லப்படும் இரவுவெளிச்சமே அது. முத்தொகுதி முறையில் இறுதிமெய்க்குத் தனி விசை இருப்பதால் இந்நிகழ்வு இல்லை. அம்முறையை ஆதரிப்போர் சுட்டும் நிறைகளுள் இதுவும் ஒன்று.

புதிதாகக் கற்பவர் இதைப் பிழையென்று எண்ணி அழித்துவிட்டு மீண்டும் தட்டுவார். அது மீண்டும் நிகழும். உண்மையில் மெய்யின் மேல் உயிர் ஏறி முடியும் தமிழ்ப் புணர்ச்சியைத்தான் கணினி கண்முன் நிகழ்த்திக் காட்டுகிறது. 'மெய் உயிருக்காகக் காத்திருக்கிறது' என்று மட்டும் நினைவில் கொண்டு, அசை முடியும்வரை திரையில் நிகழ்வதைப் பொருட்படுத்தாமல் தட்டிச் செல்லப் பழக வேண்டும்.

உத்தி எட்டாத இடம்

வலக்கை மேல்வரிசையின் கடைசி இரு விசைகளில் இரண்டு எகரங்கள் உள்ளன. இடப்புறம் இருப்பது அகரத்தோடு இகரம் சேர்ந்த வடிவம்; வலப்புறம் இருப்பது குவியா ஒகரத்தோடு இகரம் சேர்ந்த வடிவம். சிறுகோட்டின் திசை கொண்டு முன்னர்க் கண்ட உத்தி இங்குத் தலைகீழாகிறது: அகரவழி வந்தது வலப்புறம் இருக்க வேண்டியது, இடப்புறம் இருக்கிறது. 'இங்கு மட்டும் இடம் மாறியது' என்று இதையும் ஒருவாறு நினைவில் கொள்ளலாம். ஆனால் சிக்கல் இடத்தில் இல்லை. இன்றைய சியோல் வழக்கில் இவ்விரு எகரங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. 'கெ' என்று ஒருவர் சொன்னால் அது நாயா நண்டா என்பதைச் சூழல்தான் காட்டும்; எழுத்தில் நாய்க்கு இடப்புற விசை, நண்டுக்கு வலப்புற விசை. கொரியச் சிறுவரும் இதில் பிழை செய்வர். எந்த விசை எங்கே என்பதை உத்தி சொல்லும். எந்தச் சொல்லுக்கு எந்த எகரம் என்பதைச் சொல்சொல்லாக வாசித்தும் அகராதி பார்த்தும்தான் கற்க வேண்டியிருக்கிறது.